செவ்வந்திக்கு நடுவே டெஸ்மன்

ரொறொன்ரோ, 4.11.1996

அன்புள்ள மனைவிக்கு,

எங்கள் மகன் டெஸ்மனின் படத்தை இறந்தவர்களின் படங்களோடு வைத்துவிட்டேன். சுற்றிவளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

வெக்ஸ்போர்டில் என் கடைக்குப் பக்கத்து மண்டபத்தில் மெக்சிக்கோ ஓவியக்காரி ஒருத்தி தங்கி வேலை செய்கிறாள். அவர்கள் ஊரில் நவம்பர் பிறந்தால் செத்தவர்களுக்குப் பூவும் சாப்பாடும் படைத்து வீட்டுக்கு அழைப்பார்களாம். இங்கேயும் ஒரு பீடம் கட்டி அயலாரிடம் படம் கேட்டாள். செவ்வந்திப் பூ என்னிடம்தான் எடுத்தாள். “உங்களுக்கு யாரும் இல்லையா?” என்றாள். இல்லை என்றுதான் சொன்னேன்.

பிறகு நானே டெஸ்மனின் படத்தைக் கொண்டுபோனேன். அவனுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டாள். கடையிலிருந்து ஒரு நெக்டோ சோடாவை எடுத்துவந்து மூடியைத் திறந்து வைத்தேன்.

“படத்தைச் சுவரில மாட்டிப்போடாதேங்கோ, அவன் வருவான்” என்று மன்னாரிலிருந்து கடிதத்துக்குக் கடிதம் எழுதுகிறீர். நான் மாட்டவில்லை. ஆனால் சுற்றிவளைப்பில் ஆமி அவனைப் பிடித்துக் கொண்டுபோன பிறகு எத்தனை முகாம் வாசலில் நின்றீர்? ஒருவராவது இருக்கிறான் என்றார்களா?

காலையில் போய்ப் பார்த்தேன். போத்தல் நிரம்பியபடியே இருந்தது. செத்தவனாகவும் அவன் வரவில்லை.

ஓவியக்காரியோடு பேசி முடித்துவிட்டேன். பூவுக்கு நான் காசு வாங்கவில்லை. அதற்குப் பதிலாகப் படத்தைத் தன் ஊருக்குக் கொண்டுபோய், வருஷாவருஷம் தன் வீட்டில் அவனுக்குப் பூ வைப்பாள். அவன் வந்துவிட்டான் என்று நீர் எழுதினால், அன்றைக்கே திருப்பி அனுப்புவாள்.

இப்படிக்கு,
அவனுடைய அப்பா