பாடு நாளில் நிறுத்திய மாத்திரை

மச்சான்,

முகத்துவாரத்தை மணல் மூடி, ஏரியில் இறால் ஏறாமல், நம் ஆட்கள் பாதிப் பேர் பொன்னேரிப் பக்கம் கூலிக்குப் போனார்களே, அந்த வருஷம்தான் நீ கண்ணை மூடினாய். இன்று காலை, நம் படகில் கூட வந்த கன்னியப்பன் வாயில் அன்று நீ சொன்ன அதே பேச்சைக் கேட்டதும் திடுக்கென்றது. எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்ல, மருமகள் எழுதுகிறாள்.

உனக்கு இதயத்தில் வால்வு மாற்றியதிலிருந்து, ரத்தம் உறையாமலிருக்க தினமும் மாத்திரை. ஏரியில் வலை போட ஊர் முறைவைத்துத் தரும் நம் பாடு நெருங்கினால் மட்டும் அதை நிறுத்திவிடுவாய். கெளுத்தி முள் குத்தினால் ரத்தம் நிற்காதே என்ற பயம். நம்மில் யாருக்கும் அது தப்பாகப் படவில்லை.

அந்த வருஷம் பாடு வந்த நாளில், வலைக்கு ஊன்றிய கழி சாய்ந்து உன் தலையில் விழுந்தது. ரத்தம் இல்லை, வீக்கம்தான். கரைக்குப் போகலாம் என்றேன்.

"இன்னாத்துக்கு? ரெண்டு நாளா மாத்திரையே போடல, ஒண்ணும் ஆவாது. பாட்ட வுட்டா திரும்ப எப்ப வரும்?" என்றாய்.

"அவுரு தல கருங்கல்லுணா, கழியப் பாரு ஒடஞ்சிருக்கும்," என்றான் கன்னியப்பன். மூவரும் சிரித்தோம்.

வலை தூக்கும்போது வாந்தி எடுத்தாய். கரையில் என் தங்கை அஞ்சலை தாங்கிப் பிடித்தபோது அவள் பெயர் உன் நாக்கில் புரளவில்லை. சென்னை வரை கொண்டுபோயும் நீ கண் திறக்கவில்லை.

"தலைக்குள்ள ரத்தம் கசிஞ்சிருக்கு. நிறுத்தினாலும் அந்த மருந்து சில நாள் ரத்தத்துலயே இருக்கும். அடிபட்ட உடனே வந்திருந்தா அத முறிக்கிற மருந்து குடுத்திருப்போம்," என்றார் டாக்டர். அஞ்சலை யாரையும் ஏசவில்லை. "பாடு கெடச்சதே பெருசுன்னு இருந்த வருஷம்ணா. இன்னா பண்ணுவாரு அவுரு," என்றாள்.

இப்போது கன்னியப்பனுக்கும் அதே மாத்திரை. காலையில் படகிலிருந்து இறங்கும்போது வழுக்கி, விளிம்பில் தலையை இடித்துக்கொண்டான்.

"நேத்துலருந்து மாத்திரை போடலணா, ஒண்ணும் ஆவாது."

"கம்னு ஆட்டோல ஏறு."

"நாளிக்குப் பாடுணா."

"போவட்டும்."

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்கும் முன்பே மாத்திரை அட்டையை நீட்டினேன். எப்போது அடிபட்டது, கடைசியாக எப்போது போட்டான், எல்லாம் சொன்னேன். ஸ்கேனில் ஒன்றுமில்லை. பின்னாலும் ரத்தம் கசியலாம் என்று நாளை வரை படுக்க வைத்திருக்கிறார்கள். சாம்பார் வெறும் தண்ணி என்று உள்ளே நர்ஸிடம் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறான். காது குளிரக் கேட்டுக்கொண்டு வெளியே உட்கார்ந்திருக்கிறேன்.

அஞ்சலையும் போன ஐப்பசியில் உன்னிடம் வந்துவிட்டாள். அன்று நம்மோடு இருந்தவர்களில் எனக்கென்று மிச்சம் இருப்பது ஒருவன்தான் மச்சான், கன்னியப்பன்.