ராத்தல் வேறு, கிலோ வேறு

12.8.2002, திங்கள்

காலையிலேயே புழுதிக் காற்று. கீபோர்டைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தேன். தீப்பெட்டி ஆலைக்கு நான் எழுதிய புரோகிராம் இன்று முதல் மருந்துச் சீட்டை அச்சிட்டது. குச்சி முனை மருந்தில் எது எவ்வளவு என்கிற சீட்டு.

அரை மணியில் மருந்து கலக்கும் பால்ராஜ் அண்ணாச்சி சீட்டோடு வந்தார்.

"தாயி, குளோரேட்டு பத்து கிலோ போடுத இடத்துல இருபத்திரண்டுன்னு வந்திருக்கு. நான் மூட்டையப் பிரிக்கல. என்னன்னு பாரு."

பார்த்தேன். பழைய நோட்டை எடுத்துப் புரட்டினேன். முதலாளியின் அப்பா எழுதிய பழைய நோட்டில் சில வரி ராத்தல், சில வரி கிலோ. 22 ராத்தல்தான் பத்து கிலோ. நான் வெறும் 22 என்று ஏற்றியிருக்கிறேன். கலந்திருந்தால், லேசான உரசலுக்கே... எழுத வரவில்லை.

13, செவ்வாய்

முதலாளியிடம் நானே போய்ச் சொன்னேன். வேலை போகும் என்றுதான் நினைத்தேன். நோட்டைப் புரட்டினார்.

"எது ராத்தல்னு எங்க அப்பாவுக்கு மனசுல இருக்கும். நோட்டுல இல்லியே. சரி பண்ணும்மா. அதுவரைக்கும் அண்ணாச்சி பழையபடி போடட்டும்."

வெளியே வந்து அழுதேன். நல்ல மனுஷன்.

அடுத்த வாரம் அண்ணாச்சி லீவு, கடம்பூரில் மகள் கல்யாணம். வருவது புது ஆள். சீட்டில் இருப்பதை அப்படியே போடுவார்.

14, புதன்

புரோகிராமை சி++ மொழியில் திருத்தி எழுதுகிறேன். கிலோ தனி வகை, ராத்தல் தனி வகை. வெறும் எண்ணுக்கு இடமில்லை. ராத்தலைக் கிலோவாக மாற்றாமல் கூட்டப் போனால், புரோகிராமைச் சரிபார்க்கும் கம்பைலரே மறுத்துவிடும்.

முதல் ஓட்டத்தில் 37 பிழை. ஒவ்வொன்றும் ராத்தலா கிலோவா என்று சொல்லாத ஓர் எண். இவ்வளவு சந்தோஷமாகப் பிழைகளை எண்ணியதில்லை. ஒவ்வொன்றுக்கும் நோட்டைப் பார்த்து, அண்ணாச்சியைக் கேட்டு. இருபதாவதில் மழைக்கால மருந்தில் சேர்க்கும் வஜ்ரப் பசை. அதுவும் ராத்தல்! ஐப்பசியில்தான் தெரிந்திருக்கும்.

மதியம் டீ மட்டும்.

16, வெள்ளி

பிழை இல்லை. சீட்டில் பத்து கிலோ. அண்ணாச்சி வரிவரியாகப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

"கம்ப்யூட்டர் சீட்டுன்னா எல்லாரும் நம்புவாங்க. நீங்க ஏன் அன்னைக்கு நம்பல, அண்ணாச்சி?"

"கலக்குத ரூமுக்கு அடுத்த ரூம்லதான் பெட்டி அடைக்காவ. எம் பொண்டாட்டியும் அங்கனதான இருக்கா."

சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பக்கம் போனேன். அவர் மனைவி வேப்பமரத்தடியில் தூக்குச்சட்டியைத் திறந்துகொண்டிருந்தார். அந்த 22 பற்றி அந்த அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. நகர்ந்து இடம் விட்டார்.

"சாப்பிட்டியா தாயி? வா, இங்கன உக்காரு."

உட்கார்ந்தேன்.