சிவப்புச் சீட்டுக் குப்பி

செகெட்
3 பிப்ரவரி 1958

என் அன்புள்ள லோரின்ட்ஸுக்கு,

நலம் என்று எழுத மனம் வரவில்லை. நரம்புத் தளர்ச்சிக்காரர்களுக்கு அமைதி தரும் மாத்திரை கண்டுபிடிக்க புடாபெஸ்ட் போனீர்கள். கட்டியவளின் நிம்மதியைக் கெடுத்துவிட்டு என்ன ஆராய்ச்சி? புடாபெஸ்ட் போயிருந்த மார்கித் அக்கா நேற்று திரும்பி வந்தாள். "உன் புருஷனையும் அந்த டாக்டரம்மா கொர்னேலியாவையும் மிட்டாய்க் கடையில பார்த்தேன்டி. ஒரே தட்டுல கஷ்கொட்டைக் கூழ், ரெண்டு கரண்டி!" என்றாள். அவளுக்குத் தனித் தட்டு வாங்கித்தர வக்கில்லையா? எனக்கு வயிறு எரிகிறது. ஒரே தட்டுதானா? ஒளிக்காமல் எழுதுங்கள்.

உங்களுடைய எதெல்கா

புடாபெஸ்ட்
9 பிப்ரவரி

அன்பு எதெல்கா,

மறுபடி ஆரம்பித்துவிட்டாயா? உனக்கு நரம்புதான் கோளாறு. ஒரு குப்பி அனுப்புகிறேன்; காலை ஒன்று, இரவு ஒன்று போடு. எங்கள் சோதனையில் சிவப்புச் சீட்டு ஒட்டிய குப்பி, நீலச் சீட்டு ஒட்டிய குப்பி என இரண்டு வகை. ஒன்றில் மருந்து, மற்றதில் வெறும் மாவு. எது எதுவென்று மருந்துக் கிடங்குக்காரருக்கு மட்டுமே தெரியும். சோதனை முடியும்வரை வாயைத் திறக்க மாட்டார். எனக்குக் கண் இல்லையா? சிவப்பைச் சாப்பிடுகிறவர்கள் பூனைக்குட்டி மாதிரி தூங்குகிறார்கள். உனக்கும் அதையே எடுத்தேன்.

உன் லோரின்ட்ஸ்

செகெட்
20 மார்ச்

அன்புள்ள லோரின்ட்ஸுக்கு,

நலம். மாத்திரை போடுகிறேன், நன்றாகத் தூங்குகிறேன். ஞாயிறன்று மீன் சூப் வைத்தேன். இரண்டு பேரும் ரசித்துச் சாப்பிட்டோம். ஈஸ்டருக்கு வர முடியாவிட்டால் பரவாயில்லை. கொர்னேலியாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

எதெல்கா

புடாபெஸ்ட்
27 மார்ச்

எதெல்கா,

யார் அந்த இரண்டாவது ஆள்? நான் வராவிட்டால் பரவாயில்லையாமே! முன்பெல்லாம் நாலு பக்கம் திட்டுவாய். இப்போது எனக்குத்தான் வயிறு எரிகிறது, தூக்கமே இல்லை. மாத்திரையை உடனே நிறுத்து.

லோரின்ட்ஸ்

புடாபெஸ்ட்
2 மே

என் கண்ணே எதெல்கா,

சோதனை முடிந்தது. எல்லோர் முன்னாலும் கிடங்குக்காரர் சொன்னார்: "சிவப்பு வெறும் மாவுதாங்க டாக்டர்." கொர்னேலியா, "உங்க கண்ணு ரொம்பக் கூர்மை!" என்று சிரித்தாள். என் மானம் போனது போகட்டும். நீ சாப்பிட்டது மாவு என்றால், உன்னை இப்படி அமைதியாக்கியது யார்? அவன் பெயரைச் சொல்லிவிடு.

என்றும் உன் லோரின்ட்ஸ்

செகெட்
9 மே

லோரின்ட்ஸுக்கு,

மீன் சூப் சாப்பிட்டது மார்கித் அக்கா. வேறு யாருமில்லை.

நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. நீங்கள் பதில் எழுதவில்லை, மாத்திரை அனுப்பினீர்கள். உங்களை நம்பி, அழுதுகொண்டே விழுங்கினேன். ஒருநாள் தபால்காரர் மணியடித்தார். உங்கள் கடிதமா என்று பார்க்க நான் ஓடவில்லை. வெங்காயம் நறுக்கிக்கொண்டே இருந்தேன். மருந்து வேலை செய்கிறது என்று நினைத்தேன். விட்டால் பழையபடி உங்கள்மேல் ஆசை வந்துவிடுமோ என்று பயந்து, நீங்கள் சொல்லியும் நிறுத்தவில்லை.

மாவு என்று தெரிந்ததும் அந்தப் பயம் போய்விட்டது. குப்பியைக் கழுவி உப்பு போட்டு வைத்திருக்கிறேன். இனி எதுவும் அனுப்ப வேண்டாம், நீங்களும் வர வேண்டாம்.

நிஜ மருந்து நீலக் குப்பியில்தானே இருக்கிறது? தூக்கம் வராவிட்டால் அதை நீங்கள் சாப்பிடுங்கள்.

எதெல்கா