உவமை இல்லாத பாட்டு

உ
சிவமயம்

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
யுவ வருஷம் ஐப்பசி 12

அன்பு மகள் குணேஸ்வரிக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான் உடம்பளவில் சுகமாயிருக்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் வயிற்றிலிருக்கும் பிள்ளையும் ஒரு குறையுமின்றி இருக்கக் கந்தசுவாமியைக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். உன்னைப் பெற்ற அப்பு மறைந்ததும் நான் கொடுத்த தந்திக்கு மாப்பிள்ளை எழுதிய பதில் கிடைத்தது. ஏழாம் மாதத்தில் கப்பலேற டாக்டர் விடமாட்டார் என்பது எனக்குத் தெரியாதா, வரவில்லையே என்று நீ அழவேண்டாம். அப்பு பத்து நாள் காய்ச்சலில் கிடந்தார், கடைசி இரண்டு நாள் யாரையும் தெரியவில்லை, வலியென்று சொல்லவில்லை. அவ்வளவுதான் நடந்தது. மற்றவர்கள் வேறு விதமாக எழுதினால் நம்பாதே.

முப்பத்தோராம் நாள் கிரியை நேற்று முடிந்தது. அன்றைக்கு வந்தவர்களுக்குக் கொடுக்கிற, இறந்தவர்மேல் பாடிய பாட்டுகளை அச்சடித்த கல்வெட்டுப் புத்தகத்தை இதோடு அனுப்புகிறேன். அதைப்பற்றி உனக்கு விவரமாகச் சொல்லவேண்டும். இங்குள்ள நம்மவர் வீடுகளில் யார் காலமானாலும் செந்தூலில் இருக்கும் சபாபதி வாத்தியார்தான் பாட்டுக் கட்டுகிறவர். மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், சகோதரர் புலம்பல் என்று எங்கள் ஒவ்வொருவர் வாயிலும் அவரே அழுது தருவார். இருபதாம் நாள் எழுதிக் கொண்டுவந்து முன்கூடத்தில் இருந்து ராகத்தோடு வாசித்தார், உன் சித்தப்பா கனகலிங்கமும் இருந்தார். என் புலம்பலில் நான் மதியிழந்த வானானேன், மணியிழந்த நாகமானேன், மரமிழந்த கொடியானேன். மோனை ஒன்றும் தவறவில்லை, மகரம் மகரமாக வந்து விழுந்தது, காதுக்கு நன்றாகவே இருந்தது. நான்தான் அதில் இல்லை. கற்பகம், பொற்பதம், அற்புதம் என்று எதுகை ஓடியது, எதுகைக்காக அப்பு கற்பகத் தருவானார். வந்த கடித உறைகளைப் பிரித்து உட்பக்கத்தில் எழுதுகிற மனிதர் அவர், உனக்குத் தெரியும். அவரை ஒரு பாட்டிலும் காணாமல் நான் தேடிக்கொண்டிருந்தபோது, நான்மறை போல் நால்வர் மைந்தரை விட்டகன்றார் என்று ஒரு வரி வந்தது. நான் வாய்விட்டு, வாத்தியார், எங்களுக்கு ஏது நாலு பொடியன்கள் என்று கேட்டுவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, அட, அது போன வருஷம் செத்துப்போன ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டுப் பாட்டெல்லே பிள்ளை, உவமை நல்லா விழுந்திட்டுது, விட மனம் வரேல்லை என்றார். துக்க வீட்டில் எனக்குச் சிரிப்பு வந்தது, பாவம்.

அந்தச் சிரிப்பு நிலைக்கவில்லை. அப்ப எத்தினை பிள்ளையள் எண்டு போட என்று வாத்தியார் பென்சிலை எடுத்தார். சித்தப்பா நிலத்தைப் பார்த்துக்கொண்டு, பிள்ளையள் இல்லையெண்டு போடுங்கோ என்றார். வாத்தியாருக்கு உன் விஷயம் தெரியாமலில்லை, ஆனாலும் அவர் அதற்கும் தயாராக இருந்தார், அதுக்கென்ன, பூத்தும் காயாத மரமெண்டு போடலாம், மோனைக்கு வேணுமெண்டால் புன்னை மரமெண்டு மாத்தலாம் என்றார். உன்னைப் பெற்ற நான் பக்கத்தில் இருக்கிறேன் குணம். மரத்தின் பெயரை அவர்கள் யோசிக்கிறார்கள். நான் எழுந்து உள்ளே போய்விட்டேன். நம்மவர் அல்லாத ஒருவரை நீ கைப்பிடித்து ரங்கூனுக்குப் போனதிலிருந்து அப்பு உன் பெயரை எடுத்ததில்லை. உன் முதற் கடிதம் வந்தபோது பதில் போடக்கூடாது என்றார், நானும் போடவில்லை. இரண்டு வருஷம். இல்லையென்று போடச் சொன்ன சித்தப்பாவை நான் எந்த வாயால் குறைசொல்வது?

அடுத்த நாள் காலை வீடு ஒதுக்கும்போது பழைய ஆங்கிலப் பத்திரிகைகளை அள்ளிப் பக்கத்து லயத்து வீட்டு வரிசையில் வடை விற்கிற வீரம்மாவிடம் கொடுத்தேன். அவள் வடை சுற்றுவதற்கு எப்போதும் அப்புவிடம்தான் வாங்குவாள். அவள் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்துவிட்டு, என்னக்கா இதுல சன்னலையே காணோம் என்றாள். என்ன சன்னல் என்றேன். அய்யா குடுக்குற பேப்பருல நடுவுல சதுரமா ஒரு ஓட்டை வெட்டியிருக்கும்க்கா, ரெண்டு வருசமா அப்படித்தான், வடைய வச்சா சன்னல் வழியா எட்டிப் பாக்கும், நான்கூட அய்யாவக் கேலி பண்ணியிருக்கேன், அவரு சிரிக்கமாட்டாரு என்றாள். இவை அவர் காய்ச்சலில் கிடந்த நாட்களின் பத்திரிகைகள். அதனால் வெட்டப்படவில்லை. வெட்டாமல் இருந்த அந்த இடத்தை அவள் விரல் வைத்துக் காட்டினாள், பார்த்தேன். கிள்ளான் துறைமுகத்துக்கு வந்துபோகும் கப்பல்களின் பட்டியல்.

அவருடைய ரயில் நேர அட்டவணைப் புத்தகத்துக்குள் அத்தனை துண்டுகளும் இருந்தன. ரங்கூன் கப்பல் வரும் நாட்களில் மட்டும் சிவப்புப் பென்சிலால் அடிக்கோடு, அடிமட்டக் கோல் வைத்து நேராகப் போட்டது. நம் ஊருக்குப் போகிற கொழும்புக் கப்பலுக்குக்கூடக் கோடு இல்லை. இதை என்னவென்று எடுத்துக்கொள்வது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அவர் மன்னித்துவிட்டார் என்று உனக்கு எழுத எனக்கு உரிமையில்லை, அப்படி ஒரு சொல் அவர் வாயிலிருந்து நான் கேட்கவில்லை. ரயில் கந்தோரில் உட்கார்ந்து நாள் முழுவதும் வண்டி வரும் நேரம் எழுதுகிறவருக்குக் கப்பல் வரும் நேரமும் ஒரு பழக்கமாய்ப் போயிருக்கலாம். ஆனால் இருபது வருஷமாக வாசகசாலைப் புத்தகமெல்லாம் வாங்கிவந்து, இது உவமை, இது உருவகம் என்று ஓரத்தில் குறித்து வைக்கிற நான், மாலையில் அவர் பத்திரிகையோடு மூலைக் கதிரையில் போய் உட்காருவது என்னோடு பேசாமலிருக்கத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வீரம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. அவள் கண்ட சன்னலை நான் காணவில்லை.

நான் பாட்டுக் கட்டுவேன் என்பது இந்த வீட்டில் யாருக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. அன்றைக்கு மகள் புலம்பல் என்று தலைப்புப் போட்டு நான்கு வரி எழுதினேன்.

கப்பலின் வரவு நாளைக் காகிதத் துண்டின் மீது
தப்பிலாப் பென்சில் கோட்டால் தனித்தனி குறித்து வைத்தீர்
எப்பொழு தேனும் வாயால் என்பெயர் சொல்ல வில்லை
அப்புவே அடுத்த கப்பல் ஆரினிப் பார்த்து நிற்பார்

எதுகையும் மோனையும் வேண்டுமென்றே சரியாக வைத்தேன், பிழையிருந்தால் அதைச் சாக்காக வைத்து எடுத்துவிடுவார்கள். உவமை வைக்க மனம் வரவில்லை. அந்தக் கோடு எதைப் போலவும் இல்லை குணம், அது பென்சில் கோடு. சித்தப்பா வந்தபோது பாட்டையும் துண்டுகளையும் அவர் முன்னால் வைத்தேன். வெகுநேரம் புரட்டிப் பார்த்தார். இது அண்ணரின்ர கந்தோர்ப் பென்சிலெல்லோ என்று மட்டும் கேட்டார். பிறகு, பாட்டைப் போடுங்கோ மச்சாள், பேர் வேண்டாம் என்றார். அதனால்தான் புத்தகத்தில் எல்லாருடைய பெயரும் இருக்க உன் பெயர் இல்லை. மேலும் கேட்க எனக்குத் துணிவிருக்கவில்லை, அதை நீ பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நேற்று வாத்தியார் புத்தகத்தை எல்லார் முன்னாலும் வாசித்தார். வானுக்கும் நாகத்துக்கும் கொடிக்கும் பெண்கள் அழவேண்டிய இடத்தில் அழுதார்கள். உன் பக்கம் வந்ததும் அவர் நிறுத்தி, இது மகள் வாசிக்கிற முறையெல்லே, ஆர் வாசிக்கிறது என்று கேட்டார். சித்தப்பா வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து போய்ப் புத்தகத்தை வாங்கினேன். ஆண்கள் இருக்கும் கூட்டத்தில் நான் வாய் திறந்தது அதுதான் முதல்தடவை, ராகம் வரவில்லை, வெறும் பேச்சாகத்தான் வாசித்தேன். மூன்றாம் வரியோடு நிறுத்தி, திரும்பவும் முதலிலிருந்து வாசித்தேன். முடிந்ததும் வாத்தியார் அருகில் வந்து, எதுகை மோனை எல்லாம் திறம், ஒரு உவமை மட்டும் வச்சிருக்கலாம், பிள்ளை, இது ஆர் எழுதினது என்று கேட்டார். எல்லாருக்கும் கேட்கும்படி, என் மகள் குணேஸ்வரி எழுதினது என்றேன். சித்தப்பா சாப்பிட்டுவிட்டு என்னிடம் சொல்லாமல் போய்விட்டார்.

ஆகவே அந்தப் பாட்டு இனி உன்னுடையது. யாரும் கேட்டால் நீதான் எழுதினாய். கண்ணால் மட்டும் படிக்காதே, மாப்பிள்ளை வேலைக்குப் போனபின் ஒருதரம் வாய்விட்டு வாசி, உன் குரலில் அது எப்படியிருக்கும் என்று நான் நினைத்துக்கொள்கிறேன். பாரம் தூக்காதே, குடத்தை இடுப்பில் வைக்காதே, வெறும் வயிற்றில் தேத்தண்ணீர் வேண்டாம். பிள்ளைப்பேற்றுக்குப் பத்தியச் சரக்கு இடித்து வேறாக அனுப்புகிறேன், மாப்பிள்ளைக்கு என் ஆசியைச் சொல். அப்புவின் பெயரைப் பிள்ளைக்கு வைக்கவேண்டும் என்ற கட்டாயமில்லை, அது உங்கள் இருவர் விருப்பம். நீங்கள் மூவரும் நோய்நொடியில்லாமல் நீண்டகாலம் வாழவேண்டும்.

மறந்துவிடாதே, பிள்ளையோடு எந்தக் கப்பலில் வருகிறாய் என்று முன்கூட்டியே எழுது. பத்திரிகையை நிறுத்தவில்லை. சிவப்புப் பென்சில் இன்னும் பாதி இருக்கிறது.

உன் அம்மா
மு. சிவமலர்