தோணிக்குப் பின்னால் நின்றவர்

சாய்ந்தமருது,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகன் ஸியாமுக்கு உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம், ஜப்பான் குளிரில் உன் நெஞ்சுச்சளி தணிந்து நீயும் சுகமாயிருக்க ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். போனில் கதைத்தால் பாதியில் அழுதுவிடுவேன், அதனால்தான் கடிதம். மூத்தவள், உன் ராத்தா றிபாவுக்கு இப்போதுதான் மசக்கை வாந்தி நின்றிருக்கிறது. காற்று பலம் என்று தோணிகள் இறங்கவில்லை, மீனில்லாமல் பருப்பே தின்று அவள் மாப்பிள்ளை, உன் மச்சான் ஜவுபரின் முகம் பருப்புச் சட்டி மாதிரி ஆகிவிட்டது.

பல்கலைக்கழகம் உன்னை பேஸ்போல் அணிக்கு எடுக்கிறது என்று நீ சொன்னபோது நான் சந்தோசப்படவில்லை, அதை மறைக்கமாட்டேன். மொழிப் படிப்பு முடிந்ததும் வந்துவிடுவாய் என்றிருந்தேன், இனி நாலு வருடம் என்கிறாய். "நீங்க வேணாமெண்டா நான் போகல்ல உம்மா" என்று பாரத்தை என் தலையில் வேறு போட்டுவிட்டாய்.

லீவில் வந்தபோது நம் கடற்கரையில் போனை நட்டுவைத்து, கரையேற்றிக் கிடந்த தோணிக்கு மேலால் தூரத்துக்குப் பந்தெறிந்து நீ எடுத்த வீடியோவைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். அதைப் பார்த்த பயிற்சியாளர், தோணிக்குப் பின்னால் நின்று பந்தைத் திருப்பி எறிபவர் யார், அவரையும் கூட்டிவரலாமா என்று கேட்டாராம், நீயும் சிரித்துக்கொண்டு என் மச்சான் என்றாயாம். ஜவுபரைப் புகழலாம் என்று அதை அவரிடம் சொன்னேன். மனிசன் முகம் வெளுத்துவிட்டது. "மாமி, நான் நாலஞ்சு பந்துதான் எறிஞ்சன். அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் பள்ளிக்குப் பெய்த்தன். தம்பிக்கிட்ட சொல்லிட்டுத்தான் போனன், காத்துல கேக்கல்ல போல" என்றார்.

றிபாவின் போனில் திரும்பவும் பார்த்தோம். பாங்கு கேட்கிறது, நீ போன் பக்கம் திரும்பி நிற்கும்போது ஜவுபர் பள்ளிப் பக்கம் நடந்து போவதும் தெரிகிறது. அதற்குப் பிறகும் நீ எறிகிறாய், பந்து தோணிக்கு மேலால் போகிறது, திரும்பி வருகிறது. ஒவ்வொரு முறையும் நேரே உன் கைக்கு. ஒரே ஒரு இடத்தில் தோணிக்கு மேலே ஒரு கை தெரிகிறது. இடக் கை. சட்டை நனைந்து கையோடு ஒட்டியிருக்கிறது. றிபா போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

உன் வாப்பா சாப்பிட மட்டும்தான் வலக் கையைப் பாவிப்பார், மற்றதெல்லாம் இடக் கைதான். சுனாமியன்று நடந்தது நீ அறிந்த கதை. நான் றிபாவோடு பக்கத்து வீட்டு மேல்மாடியில் நின்றேன். கழுத்தளவு தண்ணீரில் கைக்குழந்தையான உன்னைத் தூக்கிவந்தவர், ஏற வழியில்லாமல், "புடி" என்று கத்தி உன்னை மேலே எறிந்தார். நான் பிடித்தேன். பிறகு பார்த்தால் அங்கே தண்ணீர் மட்டும்தான். அடக்கம் செய்ய மையித்துக் கிடைக்கவில்லை. புருசன் மௌத்தானால் பெண் வீட்டுக்குள் அடங்கியிருக்கிற இத்தாவை இருக்கச் சொல்லி எல்லோரும் சொன்னார்கள். முகத்தைக் காணாமல் நான் எப்படி விதவையாவேன் என்று சண்டை பிடித்து, இருக்கவேயில்லை.

நேற்று அஸருக்குப் பிறகு, நீ விட்டுப்போன பந்தோடு அங்கே போனேன். தோணிக்குப் பின்னால் வெறும் மணல். நீ நின்ற இடத்துக்கு வந்து, இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டி எறிந்தேன். தோணிக்கு அப்பால் விழுந்தது. பொழுது சாய்ந்து மஃரிபு பாங்கு சொல்லும் வரை காத்திருந்தும் திரும்பி வரவில்லை. போய்த் தேடினேன், பந்தும் இல்லை, மணலில் ஒரு காலடியும் இல்லை. பயம் வரவில்லை மகன், அழுகைதான் வந்தது. எனக்கு அவர் எறியமாட்டார். எறிய வேண்டியதை அன்றைக்கே எறிந்துவிட்டார், நான்தான் பிடித்த கையை இன்னும் விரிக்கவில்லை.

போ மகன். கையெழுத்துப் போடு. இவ்வளவு காலத்துக்குப் பிறகு இத்தா தேவையில்லை என்று மௌலவி சொல்கிறார், ஆனாலும் நாளையிலிருந்து இருக்கப் போகிறேன். உடுக்க மருதமுனைச் சாறன் இரண்டு அனுப்புகிறேன், விடிய சுபஹுத் தொழுகையை விட்டுவிடாதே, இறைச்சி வாங்கினால் ஹலாலா என்று கேட்டு வாங்கு. உன் கைக்கும் காலுக்கும் அல்லாஹ் பலத்தைத் தரட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. அங்கே பந்தெறிந்து பழகும்போது, யாரும் நிற்காத பக்கத்திலிருந்து பந்து திரும்பி வந்தால் பயப்படாதே. ஸலாம் சொல்லு. பிடிக்கத் தவறாதே.

உன் உம்மா,
சபூறா