நெஞ்சுப் படத்தின் நடுவில்

இன்று எங்கள் ஆஸ்பத்திரியின் பழைய இருட்டறையைத் துப்புரவாக்கினார்கள். எக்ஸ்றே படங்கள் கணினியில் விழத் தொடங்கிய பிறகு அந்த அறைக்கு வேலையில்லை. மூலையில் கிடந்த தொட்டியைக் கவிழ்த்தபோது, படம் கழுவும் மருந்தின் புளித்த வாடை எழுந்தது. மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே போனார்கள். நான் நின்றேன். உன் நினைவு வந்துவிட்டது.

நீ சண்டையால் கொக்கிளாயிலிருந்து இடம்பெயர்ந்து முள்ளியவளையில் ஒரு கொட்டிலில் இருந்தாய். நான் பரந்தனில் வயலையும் வீட்டையும் விட்டு வந்தவள். கிடுகால் வேய்ந்த ஆஸ்பத்திரியில் எக்ஸ்றே எடுக்கப் பழக இருவரும் ஒரே நாளில் சேர்ந்தோம். நோய்கள் உடம்பில் எப்படித் தொடங்கிப் பரவுகின்றன என்று சொல்லும் புத்தகம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அதுவும் ஆங்கிலத்தில். பாவித்த படிவங்களின் பின்பக்கத்தில் அதை நாம் தமிழில் எழுதிக்கொண்டோம். பட்டனை அழுத்துகிறவர்களுக்கு இவ்வளவும் எதற்கு என்று நான் அலுத்துக்கொள்வேன். "நோய் என்ன செய்யுது எண்டு தெரியாதவள் படத்தில எதைத் தேடுறது?" என்று கேட்பாய்.

அழற்சி, இழைய இறப்பு, கட்டி என்று அதிகாரம் அதிகாரமாகப் போனோம். கட்டி பற்றிய அதிகாரத்தில் நிற்கும்போதுதான் உன் கழுத்தில் நெறி கட்டியது. தலையில் ஏதும் புண்ணாக்கும் என்று உன் அம்மா வேப்பிலை அரைத்துப் பூசினா. நெறி வற்றவில்லை. இருமலும் வந்தது. டொக்டர் நெஞ்சுப் படம் எடுக்கச் சொன்னார்.

எடுத்தது நான். கழுவியதும் நான்தான். ஈரப் படத்தை வெளிச்சத்தில் பிடித்தபோது நீ என் தோளுக்குப் பின்னால் நின்றாய். இரண்டு நுரையீரலுக்கும் நடுவில், இதயத்துக்கு மேலே, வெள்ளை நிழல் இரண்டு பக்கமும் அகன்று கிடந்தது. பிலிம் பழசு, பனிப்புகார்போல வெளுத்திருக்கிறது என்றேன்.

நீ படத்தை என் கையிலிருந்து வாங்கிப் பார்த்தாய். பிறகு, "எடி, ரெண்டு பேரும் ஒரே பாடம்தானே படிச்சனாங்கள்" என்றாய்.

நெறியில் ஒரு துண்டு வெட்டிப் பரிசோதிப்பதற்கும் பிறகு வைத்தியத்துக்கும் கொழும்புக்குப் போகவேண்டும் என்று டொக்டர் கடிதம் எழுதினார். இளம் வயதில் வரும் இப்படியான கட்டிகளில் பல வைத்தியத்துக்கு மசியும் என்று நாம் எழுதிய குறிப்பிலேயே இருந்தது. அந்த வரியைச் சுட்டிக்காட்டினேன். நீயும் நம்பினாய் என்றுதான் நினைக்கிறேன். எங்கள் பகுதியை விட்டு வெளியே போகத் தேவையான பாஸுக்கு விண்ணப்பித்தோம். பதில் வரமுன் சண்டை மறுபடி தொடங்கிக் கொழும்புப் பாதை பூட்டுப்பட்டது. இரண்டு முறை சைக்கிளில் உன்னை ஏற்றிக்கொண்டு பாஸ் கொடுக்கும் இடத்தில் விசாரிக்கப் போனேன். பொறுங்கோ என்றார்கள்.

பரீட்சைக்கு நீ வரமாட்டாய் என்று நினைத்தோம். கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு வந்தாய். கட்டிகள் உடம்பில் பரவும் வழிகளை விளக்குக என்று ஒரு கேள்வி. எனக்கு முன்வரிசையில் நீ குனிந்தபடி எழுதிக்கொண்டே இருந்தாய். இருமல் வந்தபோது மட்டும் பேனையைக் கீழே வைத்தாய். நான் அந்தக் கேள்வியை வெறுமையாக விட்டேன். வெளியே வந்ததும் நீ என்னை ஏசினாய், தெரிந்த விடையை யாராவது எழுதாமல் விடுவார்களா என்று.

கடைசியாக உன்னைப் பார்த்தபோது உன் முகமும் கழுத்தும் வீங்கியிருந்தன. படுக்க முடியாமல் ஒரு கதிரையில் முன்னால் சாய்ந்து இருந்தாய். முகம் ஏன் இப்படி ஊதுது என்று உன் அம்மா கேட்டா.

"தலையில இருக்கிற ரத்தம் நெஞ்சுக்கு இறங்க வழியில்லாமல் நிக்குதம்மா" என்று மூச்சு வாங்கச் சொன்னாய்.

அம்மா என்னைப் பார்த்தா. "வழி திறக்குமோ, பிள்ளை?"

"ஓம் அம்மா, திறக்கும்" என்றேன். நீ என்னை மறுத்துச் சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டாய். நாலாம் நாள் கையில் செபமாலையோடு உன்னை அடக்கத்துக்குக் கொண்டுபோனார்கள். பரீட்சையில் நீ சித்தியடைந்த கடதாசியை நான்தான் அம்மாவிடம் கொண்டுபோனேன். அவா அந்தக் கடதாசியை மடித்துச் சட்டைக்குள் வைத்தா.

இப்போது வவுனியாவில் வேலை செய்கிறேன். படத்தில என்ன தெரியுது என்று கேட்கிறவர்களிடம், டொக்டர் சொல்லுவார் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் வேலையின் விதியும் அதுதான். எனக்கும் அது வசதி. போன வருடம் கரையோரப் பிள்ளை ஒன்றின் படத்தில் அதே இடத்தில் அதே நிழலைக் கண்டேன். கொழும்புக்கு அனுப்பினார்கள். போன மாதம் திரும்பி வந்தாள், மயிர் குட்டையாக முளைத்திருந்தது. படம் எடுத்தேன். நடுவில் ஒன்றுமில்லை. அவளுடைய தாய் என் கையைப் பிடித்து அழுதா. எனக்கு மகிழ்ச்சி வரவில்லை. அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

அவள் போய்ச் சுகமாகி வந்த இடத்துக்கு இங்கிருந்து பஸ்ஸில் ஒரு பகல் பயணம். நான் சுமந்துகொண்டிருப்பது உனக்குக் கிடைக்காத அந்த ஒரு பகலைத்தான்.