வறுத்த மண்

மல்லாபூர், ஹைதராபாத்.
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள அப்பாவுக்கு,

எலிசபெத் எழுதுவது. நான், உங்கள் மாப்பிள்ளை மோகன், பேத்தி சபீனா மூவரும் சுகம். உங்கள் சுகத்துக்காகத் தினமும் ஜெபிக்கிறேன். போனில் கத்திப் பார்த்துவிட்டேன். சுரங்கத்து மில் உங்கள் காதில் பாதியைத் தின்றது, மீதியை நீங்களே சாத்திக்கொள்கிறீர்கள். அதனால் கடிதம்.

முதலில் சண்டை. சயனைடு மேட்டு மண் ஒரு கிலோ அனுப்பச் சொன்னால், அதை வறுக்கச் சொன்னது யார்? பூச்சி வைக்காமலிருக்க ரவை மாதிரி வறுத்திருப்பதாகச் சீட்டு வேறு! அம்மா போன பிறகு கற்ற சமையலை இதிலா காட்டுவது? எனக்கு வேண்டியதே அந்தப் பூச்சிதான் அப்பா. அந்த வாணலியைத் தூக்கிப் போடுங்கள். தேய்த்து வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லக் கூடாது.

தங்கத்தைப் பிரிக்கச் சயனைடு ஊற்றி, மிச்ச மண்ணை மேடாகக் கொட்டினார்களே, அந்த மண்ணிலும் கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியா பிழைத்துக் கிடக்கிறதாம். சில அந்த விஷத்தையே தின்று வாழுமாம். அவற்றை வளர்த்து மேட்டில் விட்டு, விஷத்தைக் குறைக்க முடியுமா என்று எங்கள் லேபில் பார்க்கிறார்கள். குடுவை கழுவிப் பெயர் ஒட்டுவதுதான் என் வேலை. ஆனாலும் நம் ஊர் மண்ணையும் சோதித்துப் பார்க்கும் ஆசை யாரை விட்டது.

திட்டு வாங்கத் தயாராகத்தான் லேபின் தலைவி பத்மஜா மேடத்திடம் போனேன். அவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். சபீனாவோ, தாத்தா மட்டிய கைக்கு ஃப்ரை பண்ணாரு என்று தெலுங்கும் உருதுவும் கலந்து, மண்ணை ஏன் வறுத்தீர்கள் என இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

பிறகுதான் அதே பார்சலில் ஈரச் சாக்கில் சுற்றி வந்த கனகாம்பரம் நினைவுக்கு வந்தது. அம்மா கிணற்றடியில் வைத்ததாயிற்றே. வேரில் ஒட்டியிருந்த மண்ணை உதிர்த்து எடுத்துப்போனேன். மேடம் ஒரு குடுவையில் வறுத்த மண், இன்னொன்றில் வேர் மண் போட்டு, இரண்டிலும் ஒரே அளவு சயனைடுத் தண்ணீர் விட்டார். பத்து நாளும் முதல் ஆளாகப் போய் எட்டிப் பார்த்தேன். வறுத்த மண்ணில் விஷம் ஏறக்குறைய அப்படியே இருந்தது. வேர் மண்ணில் பாதிக்கு மேல் காணோம்! ஒப்பிட்டுப் பார்க்க நாங்களே கொஞ்சம் மண்ணைச் சூடாக்கி அதிலிருக்கும் பாக்டீரியாவைக் கொல்வோம், அந்த வேலையை உன் அப்பாவே முடித்துவிட்டார் என்றார் மேடம். எனக்கு ஒரே பெருமை.

உடனே அவர் முகம் மாறியது. வேர் மண் எந்த இடத்தது என்று கேட்டார். எங்கள் கிணற்றடி என்றேன். விஷம் தின்னும் பாக்டீரியா அங்கே இவ்வளவு பெருகியிருந்தால், தின்ன ஏதோ கிடைத்திருக்கிறது என்றார்.

புரிகிறதா அப்பா? மேடு மழையில் கரைந்து நம் கிணறு வரை வந்திருக்கலாம். சோதித்தால்தான் தெரியும். எனக்குப் பயமாக இருக்கிறது. அம்மாவும் கடைசிவரை அந்தத் தண்ணீரைத்தானே குடித்தார்.

இன்றிலிருந்து லாரித் தண்ணீரே பிடியுங்கள். காய்ச்சிக் குடிக்கிறேன் என்பீர்கள். காய்ச்சினால் பூச்சி சாகும், மேட்டிலிருக்கும் எல்லா விஷமும் போகாது. சனிக்கிழமை நானே பாட்டிலோடு வருகிறேன். திரும்பும்போது பையில் கிணற்றுத் தண்ணீரும் பக்கத்து சீட்டில் நீங்களும் இருக்க வேண்டும். மோகன் முன் அறையைக் காலி செய்துவிட்டார்.

கனகாம்பரம் எங்கள் பால்கனித் தொட்டியில் வேர் பிடித்து, நேற்று இரண்டு இலை விட்டிருக்கிறது. வந்து பாருங்கள் அப்பா. சனிக்கிழமை வரை கர்த்தர் உங்களைக் காக்கட்டும்.

உங்கள் மகள்,
எலிசபெத்